பாதி விலையில் பத்துக் கிலோ

குளூம்ஹேவன் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவில் நிற்பது அதன் கனம்தான். ஏறத்தாழ 10 கிலோ. உள்ளே 95 சாகசங்கள், 17 வகை வீரர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள், நேரம் வரும்வரை பிரிக்கக் கூடாத உறைகள், வரைபடத்தில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர்கள். ஐசக் சில்ட்ரெஸ் வடிவமைத்து, 2017-இல் அமெரிக்காவின் செஃபலோஃபேர் கேம்ஸ் வெளியிட்ட இந்தக் கூட்டு விளையாட்டின் பட்டியல் விலை 140 டாலர். இணையக் கடைகளில் அது நூறு டாலருக்குக் கீழே இறங்கியதும் உண்டு. இப்படிப்பட்ட பெட்டி ஒன்று விலை இறங்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: இப்போதே வாங்கிப் போட்டுவிடலாமா?

கேட்பவர்கள் விலையைப் பற்றித்தான் கேட்பதாக நினைக்கிறார்கள். ஆனால் மாயாஜாலக் கதைக்களத்தில் எல்லோரும் ஒரே அணியாக நின்று ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, விலை கடைசியில் பார்க்க வேண்டிய சங்கதி. விலை ஏன் இறங்கியது, உள்ளே இருக்கும் ஆட்டம் எப்படிப்பட்டது, அதை ஆட எத்தனை கை சேரும், அதே கைகள் திரும்பத் திரும்பச் சேருமா என்பதெல்லாம் அதற்கு முன்னால் வர வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்கிய பெட்டி, எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும், பரணுக்குத்தான் போகும்.

இந்த வகை விளையாட்டுகள் திடீரென்று முளைத்தவை அல்ல. 1989-இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட ஹீரோக்வெஸ்டில் நான்கு வீரர்கள் ஒரு பக்கம் நிலவறைக்குள் இறங்குவார்கள். தீய மந்திரவாதியாக ஒருவர் மறுபக்கம் உட்கார்ந்திருப்பார். அந்த மறுபக்க நாற்காலியையே எடுத்துவிட்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரெய்னர் க்னிட்சியா. 2000-இல் வந்த அவருடைய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' விளையாட்டில் எல்லோரும் ஹாபிட்கள். சவ்ரோன் என்பது பலகையில் அவர்களை நோக்கி நகர்ந்து வரும் ஓர் உருவம், அவ்வளவுதான். அதை நகர்த்த ஆள் தேவையில்லை, விதிகளே நகர்த்திவிடும். ஜெர்மனியின் ஸ்பீல் டெஸ் யாரெஸ் விளையாட்டு விருதின் நடுவர் குழு 2001-இல் அதற்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. 2008-இல் மாட் லீகாக்கின் 'பாண்டமிக்' கூட்டு ஆட்டத்தைச் சாதாரணக் குடும்பங்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு வெள்ளம்தான்.

வெள்ளம் வந்தால் கிடங்கு நிறையும். கிடங்கு நிறைந்தால் தள்ளுபடி வரும்.

இந்தத் தொழிலின் விலைக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவான வழக்கப்படி, கடைக்காரர் பட்டியல் விலையில் ஏறத்தாழ பாதிக்குச் சரக்கு எடுக்கிறார். அவருக்குக் கொடுக்கும் மொத்த விநியோகஸ்தர் அதைவிடக் குறைவாக, சுமார் 40 சதவீதத்துக்கு, வெளியீட்டாளரிடம் வாங்குகிறார். அப்படியானால் 140 டாலர் பெட்டி கடைக்கு வந்து சேர்வது 70 டாலர் வாக்கில். வாடகையும் ஊழியர் சம்பளமும் அதிகமில்லாத இணையக் கடை அதை நூறு டாலருக்கு விற்றாலும் கையைக் கடிக்காது. ஆடித் தள்ளுபடியில் துணி எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பெட்டியின் பட்டியல் விலையிலிருந்து இருபது, முப்பது சதவீதம் குறைந்திருந்தால் அது தள்ளுபடி அல்ல, சந்தை விலை. உண்மையான தள்ளுபடி பாதி விலையைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. அங்கே கடைக்காரர் லாபத்தை விட்டுவிட்டு இடத்தைக் காலி செய்யப் பார்க்கிறார் என்று பொருள். ஃபேன்டஸி ஃப்ளைட் போன்ற நிறுவனங்களைத் தன்வசம் வைத்திருக்கும் அஸ்மோடே, இணையக் கடைகளின் இந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் போட அமெரிக்காவில் 2016-இல் விற்பனை நிபந்தனைகளை மாற்றியது. பக்கத்துத் தெருவில் மேசை போட்டு ஆடவிடும் சிறு கடைகள் பிழைக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் நியாயமும் இருந்தது.

அடித்துப் போட்ட பழைய விலை மனத்தில் என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1974-இல் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 10 அல்லது 65-இல் மட்டுமே நிற்கும்படி அமைத்த சக்கரத்தை ஆட்கள் முன்னால் சுழற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடுமதிப்பு 25. 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் எண் வேலையைக் காட்டிவிட்டது. பெட்டியின் மேல் 175 என்று போட்டு அடித்துவிட்டு 90 என்று எழுதினால், அந்தப் பெட்டி 90 பெறுமா என்ற கேள்வியே எழுவதில்லை. 85 மிச்சம் என்ற மகிழ்ச்சிதான் எழுகிறது. 1985-இல் ரிச்சர்ட் தேலர் இந்த மகிழ்ச்சியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பொருளால் கிடைக்கும் பயன் ஒன்று, பேரத்தால் கிடைக்கும் இன்பம் வேறொன்று. அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னவர்கள், கடற்கரையில் படுத்திருப்பவருக்கு ஒரு பீரை நண்பர் வாங்கி வருகிறார் என்றால், ஆடம்பர விடுதியிலிருந்து என்றபோது 2.65 டாலர் வரை தரலாம் என்றார்கள். மளிகைக் கடையிலிருந்து என்றபோது 1.50 தான். குடிக்கும் இடமும் பீரும் ஒன்றே.

பெரிய விளையாட்டுப் பெட்டிகள் இந்தப் பேர இன்பத்துக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. வாங்கிய நாளன்று பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, அட்டைச் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, உருவங்களை வரிசையாக நிறுத்தி வைப்பதே ஒரு மாலைப்பொழுதின் கொண்டாட்டம். பலருக்கு அதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது.

விலை ஏன் இறங்கியது என்பதற்குக் காரணங்கள் பல. அளவுக்கு மீறி அச்சிட்டிருப்பார்கள். பண்டிகைக் காலமாக இருக்கும். இவை தொல்லையில்லாத காரணங்கள். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, புதிய பதிப்பு. குளூம்ஹேவனுக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறது என்று 2023-இல் கூட்டு நிதி திரட்டலின்போது தெரிந்ததுமே முதல் பதிப்பின் மவுசு குறைந்தது. புதியதில் வீரர்களின் பலம் பலவீனங்களைச் சமன்படுத்தினார்கள், சாகசங்களைத் திருத்தி எழுதினார்கள். அதனால் பழைய பதிப்பு கெட்டுப்போய்விடவில்லை. போர்டுகேம்கீக் தளத்தின் தரவரிசையில் 2017 இறுதியிலிருந்து 2023 தொடக்கத்தில் 'பிராஸ்: பர்மிங்காம்' முந்தும்வரை முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பழைய பதிப்புதான். இப்படிப்பட்ட தள்ளுபடி உண்மையிலேயே லாபம். விதிப்புத்தகம் வெளிவந்து, ஐயங்கள் தீர்ந்து, பிழைத்திருத்தங்கள் எல்லாம் எழுதப்பட்டு முடிந்த ஆட்டம் கையில் கிடைக்கிறது.

இரண்டாவது, உரிமம் முடிவது. 2015-இல் ஃபேன்டஸி ஃப்ளைட் வெளியிட்ட 'வார்ஹாமர் க்வெஸ்ட்' சீட்டு விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்கு வீரர்கள், சிறிய பெட்டி, விறுவிறுப்பான கூட்டு ஆட்டம். வார்ஹாமரின் உரிமையாளரான கேம்ஸ் வொர்க்ஷாப்புடனான ஒப்பந்தம் முடிகிறது என்று 2016-இல் அறிவிப்பு வந்தது; 2017 பிப்ரவரியோடு விற்பனையும் நின்றது. அதற்குள் வந்திருந்த விரிவாக்கம் சிறு நாயகப் பொதிகள் மட்டுமே. ஏறக்குறைய அதே ஆட்டமுறை 2018-இல் 'ஹீரோஸ் ஆஃப் டெரினாத்' என்று வேறு உலகத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. உரிமம் முடியும் பெட்டியை வாங்குபவர் இனி எதுவும் சேர்ந்து வராது என்று தெரிந்தே வாங்க வேண்டும். பெட்டியில் இருப்பதே போதும் என்றால் தயங்க வேண்டியதில்லை. பின்னால் விரிவாக்கம் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வாங்குவதுதான் தவறு.

சரி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது? இங்கேதான் நிதானிக்க வேண்டும். கூட்டு விளையாட்டு என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்களை விற்கிறார்கள்.

'லெஜண்ட்ஸ் ஆஃப் ஆண்டோர்' 2012-இல் ஜெர்மனியின் காஸ்மோஸ் வெளியிட்டது. ஓவியராகப் பெயர்பெற்ற மிகாயேல் மென்ஸெல் வடிவமைத்த ஆட்டம்; 2013-இல் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான கென்னர்ஸ்பீல் பரிசைப் பெற்றது. வீரன், வில்லாளி, மந்திரவாதி, குள்ளன் என்று நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் 7 மணி நேரம். ஒரு கட்டம் நடந்தால் ஒரு மணி, ஒரு சுற்று சண்டை போட்டால் ஒரு மணி. அதற்கு மேல் வேலை செய்தால் மனோபலம் குறையும். விடிந்ததும் அரக்கர்கள் கோட்டையை நோக்கி ஒரு கட்டம் நகர்வார்கள். கோட்டை தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் உள்ளே புகுந்தால் தோல்வி. கேட்பதற்கு வழக்கமான கதைதான். பலகையின் ஓரத்தில் A-யிலிருந்து N வரை எழுத்துகள் ஏறும் பாதையில்தான் மென்ஸெலின் கைவண்ணம் இருக்கிறது. கதைசொல்லியின் காய் ஒவ்வொரு விடியலிலும் ஓர் எழுத்து மேலே ஏறும். வீரர்கள் ஓர் அரக்கனைக் கொன்றாலும் ஓர் எழுத்து ஏறும். கடைசி எழுத்தைத் தொட்டால் கதை முடிந்தது. அதற்குள் இட்ட பணியை முடித்திருக்க வேண்டும்.

இதன் விளைவைப் புதியவர்கள் ஆடும் மேசையில் கண்கூடாகப் பார்க்கலாம். முதல் அரைமணி நேரம் வாளைச் சுழற்றிக்கொண்டு கண்ணில் பட்ட அரக்கனையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். தங்கம் சேரும், உற்சாகம் ஏறும். பிறகு யாரோ ஒருவர் ஓரத்துப் பாதையைப் பார்ப்பார். தேட வேண்டிய மூலிகை இன்னும் கிடைக்கவில்லை, எழுத்துகளோ பாதிக்கு மேல் போய்விட்டன. அங்கிருந்து ஆட்டம் வேறாகிவிடும். எந்த அரக்கனைக் கோட்டைக்குள் விடலாம், எவனைத் தடுத்தே தீர வேண்டும், குள்ளன் சுரங்கத்தை விட்டு வருவானா என்று நான்கு பேரும் குனிந்து மணிக்கணக்கு போடத் தொடங்குவார்கள். வாள்வீச்சு போல விளம்பரம் செய்யப்படும் ஆட்டம், உள்ளே கால அட்டவணைப் புதிர். அது பிடிக்கிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இஷ்டத்துக்குச் சுற்றித் திரியும் சாகசத்தை எதிர்பார்த்து வாங்கியவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். பெட்டியின் மேலட்டைப் படம் இந்த இரண்டில் எது என்று சொல்வதில்லை. தள்ளுபடிச் சீட்டும் சொல்வதில்லை.

ஆண்டோரில் இன்னொரு சங்கதியும் உண்டு. அடிப்படைப் பெட்டியில் ஐந்து கதைகள்தான். கதை தெரிந்த பிறகு பாதிச் சுவை போய்விடும். ஒவ்வொன்றையும் இரண்டு, மூன்று முறை ஆடி வென்றுவிட்டால் அந்தப் பெட்டியின் கடமை முடிந்தது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வாங்கியதை முழுமையாக ஆடி முடிக்கக் கூடிய விளையாட்டுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், இது குறையாகத் தெரியாது.

குளூம்ஹேவன் எதிர்த் துருவம். அதில் தாக்குதலுக்குப் பகடை கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வீரருக்கான சீட்டுகள்: புரூட் என்றால் 10, ஸ்பெல்வீவர் என்றால் 8, டிங்கரர் என்றால் 12. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சீட்டுகளைத் தேர்ந்து, ஒன்றின் மேற்பாதியையும் மற்றொன்றின் கீழ்ப்பாதியையும் செயல்படுத்த வேண்டும். ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஒரு சீட்டு போய்விடும். பெரிய வித்தைகளைக் காட்டும் சீட்டுகள் காட்டிய உடனே போய்விடும். கையில் சீட்டு தீர்ந்தால் வீரர் சுருண்டு விழுவார். எதிரி அடித்து விழுவதைவிடக் களைத்து விழுவதுதான் அதிகம். இத்தனை நுட்பத்துக்கும் ஒரு கூலி உண்டு. ஆட்டம் தொடங்குமுன் தரைத் துண்டுகளைத் தேடி, அரக்கர் அட்டைகளைப் பிரித்து, சீட்டுக்கட்டுகளைக் கலைத்து வைக்கவே இருபது முப்பது நிமிடம் போகும். பெட்டியை ஒழுங்கு செய்யத் தெரியாதவர் வீட்டில் அதற்கு மேலும் ஆகும்.

சில்ட்ரெஸே இதை உணர்ந்தவர் போல 2020-இல் 'ஜாஸ் ஆஃப் தி லயன்' என்ற சிறிய பெட்டியை வெளியிட்டார். நான்கு வீரர்கள், 25 சாகசங்கள், பட்டியல் விலை 50 டாலர். தரைத் துண்டுகளுக்குப் பதிலாகச் சுருள்கம்பி கட்டிய புத்தகம். பக்கத்தைத் திருப்பினால் அதுவே ஆடுகளம். முதல் ஐந்து சாகசங்கள் விதிகளைத் துளித்துளியாகக் கற்றுத்தரும். ஆட்டத்தின் உயிர்நாடி அப்படியே இருக்கிறது. வடிவமைப்பாளர் தன் புகழ்பெற்ற படைப்பைத் தானே சுருக்கி, சுருக்கியதில் அதிகம் இழக்காமலும் இருப்பது அபூர்வம்.

இப்போது மணிக்கணக்கு. ஒரு சாகசத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் குளூம்ஹேவனின் 95-க்கு 190 மணி. 140 டாலரை வகுத்தால் மணிக்கு 74 காசு. 70 டாலருக்குக் கிடைத்தால் 37 காசு. சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டு நண்பர்களை மயக்க இந்தக் கணக்கைத்தான் எடுத்துவிடுவார்கள். இதில் ஓட்டை இருக்கிறது. கதை கிளை பிரிவதால் ஒரு குழு 95-ஐயும் கதைப்போக்கில் ஆடுவதில்லை. ஒரு வழியில் போனால் வேறு சில கதவுகள் பூட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஓட்டை, குழு கலைந்துவிடுவது. எட்டுச் சாகசங்களோடு நின்றுபோனால் 16 மணி நேரம். பாதி விலைக்கே வாங்கியிருந்தாலும் மணிக்கு 4 டாலருக்கு மேல் ஆகிவிடுகிறது. முழு விலை கொடுத்து வாங்கிய ஜாஸ் ஆஃப் தி லயனை முடித்தவருக்கு மணிக்கு ஒரு டாலர்தான். தள்ளுபடி விலையைப் பாதியாக்கும். பாதியில் நிற்பதோ அதைப் பல மடங்காக்கிவிடும்.

குழு ஏன் கலைகிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒருவருக்கு வேலை நேரம் மாறும், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் ஊர் மாறுவார். தொடர்கதையாக ஆடும் விளையாட்டில் ஒரு கை குறைந்தால் மற்றவர்களும் காத்திருக்க வேண்டியதாகிறது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்போது விதிகள் பாதி மறந்திருக்கும். அதனால்தான் இந்தப் பெரிய பெட்டிகளை முடித்தவர்களில் நண்பர் கூட்டத்தைவிட ஒரே வீட்டில் வாழும் இருவரும் தனியாக ஆடுபவர்களும் அதிகம் கண்ணில் படுகிறார்கள். குளூம்ஹேவன், அடுத்துப் பார்க்கப் போகும் ஸ்பிரிட் ஐலண்ட் இரண்டையுமே ஒருவரே ஆடலாம். தனியாக ஆடுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. வாங்கும்போதே அதை ஒப்புக்கொள்பவர் ஏமாறுவதில்லை.

கூட்டு ஆட்டத்துக்கே உரிய நோய் ஒன்று உண்டு: எல்லோர் காயையும் ஒருவரே நகர்த்துவது. ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் மேசையில் இருந்தால், மற்றவர்கள் அவருடைய கைகளாகி விடுவார்கள். "நீ அங்கே போ, நீ இதை அடி" என்று அவர் சொல்ல, மற்றவர்கள் செய்துகொண்டிருப்பார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத ஆட்டங்களில் இதற்கு மருந்து இல்லை. குளூம்ஹேவன் ஒரு விதியால் இதைச் சமாளிக்கிறது: தன் சீட்டில் இருக்கும் எண்களை வெளியே சொல்லக் கூடாது. "நான் கொஞ்சம் சீக்கிரம் போவேன்", "இவனைப் பலமாக அடிப்பேன்" என்று மட்டும் சொல்லலாம். சீக்கிரம் என்றவர் மற்றவருக்குப் பின்னால் போய், அரக்கன் நடுவில் புகுந்து அடித்துவிடும்போது மேசையில் எழும் கூச்சல்தான் அந்த ஆட்டத்தின் ருசி. ஆர். எரிக் ராய்ஸின் ஸ்பிரிட் ஐலண்ட் வேறு வழியில் போகிறது. குடியேற வந்தவர்களைத் தீவின் ஆவிகள் விரட்டும் 2017-ஆம் ஆண்டு ஆட்டம் அது. ஒவ்வோர் ஆவியும் அத்தனை சிக்கலானது, அடுத்தவர் ஆட்டத்தில் மூக்கை நுழைக்க யாருக்கும் மூளையில் இடம் மிஞ்சாது. அதிகாரம் செய்யும் நண்பர் ஒருவர் குழுவில் இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்காகவே தள்ளுபடியில் வந்த பெட்டியை விட்டுவிட்டு வேறொன்றை முழு விலைக்கு எடுப்பது நியாயம்.

கூட்டு என்று விற்கப்படுவது கூட்டுத்தானா என்றும் பார்க்க வேண்டும். ஹீரோக்வெஸ்டை ஹாஸ்ப்ரோ 2020-இல் முன்பதிவு நிதியில் மீட்டெடுத்து, அடுத்த ஆண்டு கடைகளுக்கு அனுப்பியது. 14 சாகசங்கள், மண்டையோடும் கேடயமும் பொறித்த பகடைகள், அடிக்கடி விலைக்குறைப்பு. பழைய நினைவுகளுக்காக வாங்குபவர்கள் மறந்துவிடும் ஒன்று, அதில் இன்றும் ஸார்கான் என்ற எதிரியாக ஒருவர் உட்கார வேண்டும். விரும்பினால் அவருக்குப் பதிலாக ஒரு செயலி அந்த வேலையைச் செய்யும்; அப்போதுதான் எல்லோரும் ஓரணி. பத்து வயதுப் பிள்ளைகளோடு ஆட இதைவிட எளிய நிலவறை ஆட்டம் கிடைப்பது கடினம். பெரியவர்கள் மட்டும் கூடும் மேசையில், பகடை போட்டு நடக்கும் தூரத்தைத் தீர்மானிப்பது சீக்கிரமே சலித்துவிடும்.

செயலி என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் வந்த 'ஜர்னீஸ் இன் மிடில்-எர்த்', 2021-இல் வந்த 'டிசென்ட்: லெஜண்ட்ஸ் ஆஃப் தி டார்க்' இரண்டும் ஃபேன்டஸி ஃப்ளைட்டின் பிரம்மாண்டங்கள். டிசென்டின் பட்டியல் விலை 175 டாலர். 40 உருவங்கள், அட்டையில் கட்டும் படிக்கட்டுகள், தூண்கள். கணக்கு வழக்கை எல்லாம் செயலி பார்த்துக்கொள்ளும்; ஆடுபவர் உருவத்தை நகர்த்தினால் போதும். வசதிதான். ஆனால் ஹீரோக்வெஸ்டைப் போல இவற்றில் செயலி விருப்பத்துக்குரியது அல்ல. செயலி இல்லையென்றால் ஆட்டமே இல்லை. 1989-இல் வாங்கிய ஹீரோக்வெஸ்டை இன்றும் மேசையில் விரித்து ஆட முடியும். நிறுவனம் ஒருநாள் பராமரிப்பை நிறுத்தி, புதிய அலைபேசிகள் அந்தச் செயலியை ஏற்க மறுத்தால் டிசென்ட் அழகான அட்டைக் குவியலாகிவிடும். பாதி விலைக்கு வாங்கி ஓராண்டுக்குள் ஆடி முடிக்கப் போகிறவருக்கு இது கவலையே அல்ல. சேர்த்து வைத்துப் பிள்ளைகளோடு ஆடலாம் என்பவருக்குத்தான் கவலை.

பழைய பெட்டியை இன்னொருவரிடம் வாங்குவது பல நேரங்களில் கடைத் தள்ளுபடியைவிட நல்ல பேரம். ஆண்டோரை அப்படித் தயங்காமல் வாங்கலாம். அதில் அழிவது எதுவுமில்லை. குளூம்ஹேவனில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், உறைகளைப் பிரித்திருப்பார்கள், சில சீட்டுகளை ஆட்டத்திலிருந்தே நீக்கியிருப்பார்கள். எந்த உறைகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன என்று படம் அனுப்பச் சொல்லிக் கேட்பது முறை. ஒட்டி எடுக்கக் கூடிய ஸ்டிக்கர் தாள் தனியாக விற்கிறது. அதைப் பயன்படுத்திய வீட்டுப் பெட்டி புதியதற்குச் சமம். ஆட்டமே பிடிக்குமா என்ற ஐயம் இருந்தால், 2021-இல் முழுமையாக வெளிவந்த கணினி வடிவத்தில் முதலில் ஆடிப் பார்க்கலாம். மேசைச் சிரிப்பு அதில் கிடைக்காது, ஆனால் சீட்டுகளைச் செலவழிக்கும் அந்த மனவேலை ஒத்துப்போகிறதா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

நட்சத்திர மதிப்பீடுகளை எவ்வளவு நம்பலாம்? ஓரளவுக்குத்தான். பெரும் பெட்டிகளுக்கு மதிப்பெண் போடுபவர்கள் பெரும்பாலும் முன்பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்கள். 2020-இல் குளூம்ஹேவனின் தொடர்ச்சியான ஃப்ராஸ்ட்ஹேவனுக்கு 83,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 1.3 கோடி டாலர் கட்டினார்கள். அத்தனை பேரும் ஏற்கனவே அந்த ருசி கண்டவர்கள் என்று கொள்ளலாம். அவர்களுடைய பத்துக்கு ஒன்பது, முதல்முறை வாங்குபவருக்குப் பொருந்தாது. அதே போர்டுகேம்கீக் தளத்தில் ஆட்டத்தின் கடினத்தைக் காட்டும் ஐந்துக்கான அளவு இன்னும் பயனுள்ளது. குளூம்ஹேவன் அதில் நான்கை நெருங்குகிறது, ஆண்டோர் மூன்றுக்குக் கீழே நிற்கிறது. குழுவில் விதிகளைப் படிக்கச் சோம்பல்படுபவர்கள் அதிகம் என்றால் இந்த எண் ஒன்றே போதும்.

தள்ளுபடி இன்னும் எத்தனை நாளைக்கு என்ற அவசரமும் 2025-க்குப் பிறகு சேர்ந்துகொண்டது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை சீனாவில் அச்சாகின்றன. அந்த ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது. மே மாதம் 30 சதவீதத்துக்கு இறக்கியது. இடைப்பட்ட வாரங்களிலேயே தொழில் ஆட்டம் கண்டது. ஸ்பிரிட் ஐலண்டை வெளியிட்ட கிரேட்டர் தேன் கேம்ஸ் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. வரிக்கு முன்பே கிடங்கில் இறங்கிய சரக்கு பழைய விலைக்குக் கிடைத்தால், மறு அச்சு அதே விலைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே இந்தக் காலத்தில் "அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்" என்ற பழைய அறிவுரை முன்னைப்போல் உறுதியாக வேலை செய்யாது. இந்தியாவுக்கு வரவழைப்பவருக்குக் கணக்கே வேறு. பத்துக் கிலோப் பெட்டிக்கு அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்தால், தள்ளுபடியில் மிச்சமானது வழியிலேயே கரைந்துவிடும். சிறிய பெட்டிகள்தான் கட்டுப்படியாகும்.

குளூம்ஹேவன் முதல் பதிப்பு பாதி விலைக்கு வந்தால், வாரம் ஒருமுறை மேசையில் உட்காரும் இருவர் உள்ள வீட்டுக்கு அது மிக நல்ல கொள்முதல். விரித்ததை மறுநாள்வரை அப்படியே விட்டுவைக்க ஒரு மேசையும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மாதம் ஒருமுறை, ஆள் மாறி ஆள் வரும் கூட்டத்துக்கு அது எந்த விலையிலும் ஒத்துவராது. அவர்களுக்கு ஆண்டோர் பொருந்தும், அதுவும் பழைய பெட்டியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. தனியாக மூளையைக் கசக்க விரும்புபவர், 2022-இல் ஐந்து ஆவிகளோடு வந்த 'ஹொரைசன்ஸ் ஆஃப் ஸ்பிரிட் ஐலண்ட்' என்ற சிறிய பதிப்பில் தொடங்கலாம். டிசென்டை ஐம்பது சதவீதத்துக்கு மேல் குறைத்தால் மட்டும் தொட வேண்டும், அதுவும் அந்த ஆண்டே ஆடப் போவதாக இருந்தால். இவற்றில் எதிலும் சேராத, இந்த வகையே புதிது என்கிற வாசகருக்கு ஜாஸ் ஆஃப் தி லயன். அது தள்ளுபடியில் இல்லாத வாரத்திலும் வாங்கலாம்.